இரைப்பைச் சுவரில் சிறு கட்டி: காத்திருப்பதா, ஊசி வைத்துப் பார்ப்பதா, எடுத்துவிடுவதா?

நெஞ்செரிச்சலுக்கோ வாயுத் தொல்லைக்கோ எண்டோஸ்கோபி எடுக்கப் போன சிலருக்கு, தேடிப் போகாத ஒன்று அகப்படுகிறது. இரைப்பையின் உட்சுவர் ஓரிடத்தில் மட்டும் புடைத்திருக்கும். மேலே மூடியிருக்கும் சவ்வு வழவழப்பாக, புண் எதுவும் இல்லாமல் இருக்கும். 'சப்மியூகோசல் கட்டி, 1.5 செ.மீ.' என்று, அதாவது உட்சவ்வுக்கு அடியில் இருக்கும் கட்டி என்று, ரிப்போர்ட்டில் எழுதித் தருவார்கள். அங்கே எடுத்த பயாப்ஸியோ 'லேசான கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்று வரும். ஒரு டாக்டர் ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்பார், இன்னொருவர் லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடுவது நல்லது என்பார். யார் சொல்வதைக் கேட்பது என்று வாசகர்கள் எழுதிக் கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும். கட்டி எது, எங்கே இருக்கிறது, யாருடைய வயிற்றில் இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தி தேவையில்லை. ஆனால் 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லும் முன் ஒரு நல்ல இயுஎஸ், அதாவது எண்டோஸ்கோபி குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திச் செய்யும் பரிசோதனை, நடந்திருக்க வேண்டும். கட்டி எதுவென்று தெரியாமல் அறுப்பதையும், தெரியாமலே வருடக்கணக்கில் காத்திருப்பதையும் நான் ஒரே தவறாகத்தான் பார்க்கிறேன்.

பயாப்ஸி ஏன் பதில் சொல்லவில்லை

சாதாரண எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் இடுக்கி மேல்சவ்வை மட்டுமே கவ்வும். கட்டி அதற்கு அடியில் இருக்கிறது. சுவரின் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பது செங்கல்லா கருங்கல்லா என்று சொல்ல முயல்வது போன்றது இது. அதனால் 'பயாப்ஸியில் கேன்சர் இல்லை' என்ற வரியை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், 'ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பதறவும் வேண்டாம். அந்த பயாப்ஸி கட்டியைத் தொடவே இல்லை.

ஓர் எச்சரிக்கை. ஈரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இரைப்பையின் மேற்பகுதியில் ரத்தக் குழாய்கள் வீங்கி, பார்வைக்குக் கட்டி போலவே தெரியும். அங்கே பயாப்ஸி எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகும் அளவு ரத்தம் கொட்டும். மண்ணீரலோ பித்தப்பையோ வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே ஒரு மேடு தெரியும். இரண்டையும் கட்டியிலிருந்து பிரித்துக் காட்டுவது இயுஎஸ்தான்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் அடுக்கு. இயுஎஸ்-இல் இரைப்பைச் சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். முதல் இரண்டும் உட்சவ்வு, மூன்றாவது அதன் அடியில் இருக்கும் மென்மையான அடுக்கு, நான்காவது தசை, ஐந்தாவது வெளியுறை. கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

அடுத்தது அளவும் தோற்றமும். 2 செ.மீ. என்ற கோடு உலகெங்கும் பயன்படுகிறது. விளிம்பு ஒழுங்கற்றிருப்பது, உள்ளே நீர்க்குழிகள், மேலே புண், சீரற்ற நிறம், குறுகிய காலத்தில் வளர்ச்சி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், சிறிய கட்டியையும் சிறியதாக எண்ணக்கூடாது.

மூன்றாவது இடம். அறுவை சிகிச்சை பேச்சு வரும்போது இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, ஆனால் நோயாளிகள் கேட்க மறப்பதும் இதைத்தான். பிறகு உங்கள் வயது, மற்ற நோய்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது. கடைசியாக, கட்டி தொந்தரவு தருகிறதா என்பது. கறுப்பாக மலம் போவதோ, காரணம் தெரியாத ரத்தசோகையோ, சாப்பிட்டது இறங்காமல் வாந்தி வருவதோ இருந்தால் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

கட்டிகளின் பெயர்ப் பட்டியல்

| கட்டி | கிளம்பும் அடுக்கு | அதிகம் காணும் இடம் | அடையாளம் |
|---|---|---|---|
| கொழுப்புக்கட்டி (லிப்போமா) | 3 | கீழ்ப்பகுதி | இயுஎஸ்-இல் பளிச்சென்ற வெண்மை, சிடி-யில் கொழுப்பின் அடர்த்தி |
| இடம் மாறிய கணையத் திசு | பெரும்பாலும் 3 | கீழ்ப்பகுதி | நடுவில் தொப்புள் போல ஒரு குழி |
| லெயோமயோமா (தசைக்கட்டி) | பெரும்பாலும் 4 | உணவுக்குழாய் சேரும் இடம் | டெஸ்மின் பாசிட்டிவ், சிடி 117 நெகட்டிவ் |
| ஷ்வானோமா | 4 | நடுப்பகுதி | எஸ் 100 பாசிட்டிவ் |
| குளோமஸ் கட்டி | 3 அல்லது 4 | கீழ்ப்பகுதி | சிடி-யில் ரத்தக்குழாய் போல ஒளிரும் |
| அழற்சி நார்க்கட்டி | 2, 3 | கீழ்ப்பகுதி | சிடி 34 பாசிட்டிவ் |
| ஜிஸ்ட் | 4 | நடுப்பகுதி, மேற்பகுதி | சிடி 117, டாக் 1 பாசிட்டிவ் |

பட்டியலில் 'சிடி' இரண்டு அர்த்தத்தில் வருகிறது. எண்ணோடு வருவது பயாப்ஸித் துண்டில் செய்யும் சாயச் சோதனை, எண் இல்லாமல் வருவது ஸ்கேன். டெஸ்மின், எஸ் 100, டாக் 1 என்பவையும் சாயச் சோதனைகள்தான்.

முதல் ஆறும் சாதா கட்டிகள், அதாவது புற்றுநோய் அல்ல. குளோமஸில் மட்டும், பெரிதாக வளர்ந்த சில கெட்டதாக நடந்துகொள்வதுண்டு. கடைசியில் உள்ள ஜிஸ்ட் இரைப்பை, குடல் சுவரில் வரும், பரவவும் கூடிய ஒரு கட்டி, அதைச் சாதா கட்டி என்று சொல்ல முடியாது. மற்ற ஆறு பற்றியும் இவ்வளவு குழப்பம் இருப்பதற்குக் காரணமே அதுதான், ஏனென்றால் நான்காம் அடுக்கில் இருக்கும்போது லெயோமயோமா, ஷ்வானோமா, ஜிஸ்ட் மூன்றும் ஸ்கேனில் ஒன்று போலவே தெரியும். பழைய காலத்தில் இவற்றில் பலவற்றை லெயோமயோமா என்றே எழுதிவந்தார்கள். ஜப்பானில் ஹிரோட்டா, கிட்டமுரா குழுவினர் 1998இல் கிட் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் ஜிஸ்ட் தனி இனமாகப் பிரிந்து நின்றது.

ஷ்வானோமா பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நரம்புறையில் வரும் இந்தக் கட்டி பெட் ஸ்கேனில் பிரகாசமாக எரியும், பக்கத்தில் நிணநீர்க் கட்டிகளும் வீங்கியிருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் பரவிய புற்றுநோய் என்றே தோன்றும். ஆனால் இரைப்பையில் வரும் ஷ்வானோமா அநேகமாக எப்போதும் சாதா கட்டிதான். பெட் ஸ்கேன் பளிச்சென்று வந்தது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பெரிய ஆபரேஷனுக்குச் சம்மதிக்கக் கூடாது, முதலில் எஸ் 100 சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும்.

ஜிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்காக இரண்டு தகவல்கள். ஜெர்மனியில் 50 வயது தாண்டியவர்களின் பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கும் மேல் இரைப்பையில் 1 செ.மீ.-க்குள் அடங்கிய ஜிஸ்ட் இருந்தது. வாழ்நாள் முழுவதும் அது அவர்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இரண்டாவது, அமெரிக்க ராணுவ நோயியல் நிறுவனத்தின் மியட்டினன், லசோட்டா தொகுத்த கணக்கு. இரைப்பை ஜிஸ்ட் 2 செ.மீ.-க்குள் இருந்து, செல்கள் மெதுவாகப் பிரிந்தால் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். 2 முதல் 5 செ.மீ. வரை சுமார் 2 சதவீதம். செல்கள் வேகமாகப் பிரிந்தாலோ அதே 2 முதல் 5 செ.மீ. கட்டிக்கு 16 சதவீதம், 5 முதல் 10 செ.மீ. என்றால் 55 சதவீதம். அளவைப் போலவே செல் பிரியும் வேகமும் முக்கியம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அது மறுபடி வரும்.

வழி 1: காத்திருந்து பார்ப்பது

இதில் இரண்டு வகை உண்டு. பெயர் தெரிந்து விட்டுவிடுவது ஒன்று. கொழுப்புக்கட்டி, கணையத் திசு, லெயோமயோமா, ஷ்வானோமா, குளோமஸ் என்று உறுதியாகி, தொந்தரவும் இல்லையென்றால், ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் தொடர் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. குளோமஸை மட்டும் ரத்தக்கசிவுக்குப் பயந்து எடுத்துவிடும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு.

மற்றது, பெயர் தெரியாமல் கண்காணிப்பது. அதே வழிகாட்டுதலின்படி முதல் மறு எண்டோஸ்கோபி 3 முதல் 6 மாதத்தில். மாற்றம் இல்லையென்றால் 1 செ.மீ.-க்குக் குறைந்த கட்டிக்கு 2 அல்லது 3 வருடத்துக்கு ஒரு முறை, 1 முதல் 2 செ.மீ. வரை 1 அல்லது 2 வருடத்துக்கு ஒரு முறை. 2 செ.மீ.-க்கு மேல் இருந்தும் எடுக்காமல் வைத்திருந்தால் 6 மாதத்தில் எண்டோஸ்கோபியோடு இயுஎஸ்-உம், பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறையும்.

கேட்கச் சுலபமாக இருக்கும் வழி இது. செலவு போகப் போகத்தான் தெரியும். 72 வயதுக்காரருக்கு 1.2 செ.மீ. கட்டி என்றால் இன்னும் சில எண்டோஸ்கோபிகளோடு முடிந்துவிடும், இதயநோயும் இருந்தால் நான் வேறு வழியை யோசிக்கவே மாட்டேன். 34 வயதுக்காரருக்கு அதே கட்டி என்றால் முப்பது, நாற்பது வருடக் கண்காணிப்பு. நடுவில் வேலை மாறும், ஊர் மாறும், டாக்டர் மாறுவார், ஒரு கட்டத்தில் பரிசோதனையே விட்டுப்போகும். இந்த வழியில் உண்மையான ஆபத்து அந்த விட்டுப்போவதுதான்.

இன்னொன்று, அளவெடுப்பதில் வரும் வித்தியாசம். போன முறை எண்டோஸ்கோபியில் கண்ணால் பார்த்து 1.3 செ.மீ. என்று எழுதியதையும், இந்த முறை வேறொரு மருத்துவமனையில் இயுஎஸ்-இல் அளந்து 1.6 என்று எழுதியதையும் ஒப்பிட்டு 'வளர்ந்துவிட்டது' என்று முடிவு கட்டக்கூடாது. முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் பாருங்கள். எழுத்து ரிப்போர்ட் போதாது, படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி 2: இயுஎஸ் ஊசி பயாப்ஸி

இயுஎஸ் வழியே பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஊசியைச் செலுத்தித் துண்டு எடுப்பது. கட்டி 2 செ.மீ.-க்கு மேல் இருந்தாலோ, சந்தேகத் தோற்றம் இருந்தாலோ, ஆபரேஷன் பேச்சு எழுந்தாலோ இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும் என்பேன். பெரிய ஆபரேஷனை வேண்டாததாக ஆக்கும் வல்லமை இந்த ஒரு ஊசிக்கு இருக்கிறது. நான்காம் அடுக்கில் 3 செ.மீ. கட்டி, லெயோமயோமா என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம், ஜிஸ்ட் என்று வந்தால் எடுக்க வேண்டும்.

2 செ.மீ.-க்குக் குறைந்த கட்டியில் ஊசி பல சமயம் போதுமான துண்டைத் தராது. அங்கே மேல்சவ்வைச் சிறிது கீறித் திறந்து, தெரியும் கட்டியை நேராகக் கவ்வி எடுக்கும் முறையை ஐரோப்பிய வழிகாட்டுதல் முதல் தேர்வாகச் சொல்கிறது. அதில் தழும்பு விழும். பின்னால் எண்டோஸ்கோபியிலேயே கட்டியைத் தோண்டி எடுக்க நினைத்தால் அந்தத் தழும்பு இடைஞ்சலாகலாம். எனவே எடுக்கப்போவது யார் என்று தெரிந்திருந்தால் அவரையும் கேட்டுவிட்டுக் கீறச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே மூன்று. நல்ல இயுஎஸ் வசதி பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது, போக்குவரத்தும் தங்கலும் சேரும். சாயச் சோதனைகளுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும், அதைத் தவிர்த்தால் 'ஸ்பிண்டில் செல் கட்டி' என்ற அரைகுறை பதில்தான் கையில் மிஞ்சும், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. மூன்றாவது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளைச் சில நாள் நிறுத்த வேண்டிவரலாம். சமீபத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இருதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

ஊசியால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. ஜிஸ்ட் என்று பெயர் சொல்லும், ஆனால் செல் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்பதை அந்தச் சின்னத் துண்டில் நம்பகமாக எண்ண முடியாது. 'பயாப்ஸியில் ரிஸ்க் குறைவு என்று வந்துவிட்டது' என்று 4 செ.மீ. ஜிஸ்ட்டை வைத்துக்கொண்டிருப்பது சரியல்ல.

ஆபரேஷனுக்கு முன்பே பெயர் தெரிவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிக்கலான இடத்தில் பெரிய ஜிஸ்ட் என்றால், இமாடினிப் மாத்திரையைச் சில மாதம் கொடுத்துச் சுருக்கிவிட்டு, சிறிய ஆபரேஷனாக முடிக்கலாம். அதற்கு முன் மரபணுச் சோதனை அவசியம், ஏனென்றால் டி842வி என்ற மாற்றம் உள்ள ஜிஸ்ட் இமாடினிப்புக்கு மசியாது. இந்த மாத்திரை இன்று நம் நாட்டில் பலருக்கும் எட்டும் விலையில் கிடைப்பதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த மருந்துக்காக நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம்தான் பல வருட வழக்குக்குப் பின் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் இறுதியாகத் தோற்றது.

வழி 3: எண்டோஸ்கோபியிலேயே எடுப்பது

வயிற்றின் வெளியே ஒரு கீறலும் இல்லாமல், வாய் வழியே போய்க் கட்டியைத் தோண்டி எடுப்பது. மூன்றாம் அடுக்கு வரை என்றால் மேலிருந்து சுற்றி வெட்டி எடுக்கிறார்கள். தசையில் இருந்தால் சவ்வுக்கு அடியில் சுரங்கம் போலக் குடைந்து போகலாம், அல்லது சுவரின் முழு ஆழத்தையும் வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையைக் கிளிப்பால் மூடலாம்.

யாருக்குப் பொருந்தும்? வளர்ந்துவரும் 1 முதல் 2 செ.மீ. கட்டி, பெயர் கிடைக்கவில்லை, ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டாம் என்று நினைக்கும் இளவயதுக்காரர். உணவுக்குழாய் சேரும் இடத்திலுள்ள சிறு கட்டிகளுக்கும் இது நல்ல வழி, ஏனென்றால் அங்கே வெளியிலிருந்து அறுப்பதுதான் கடினம்.

இந்த வழியில் எல்லாமே செய்பவரின் கையில் இருக்கிறது. இரைப்பையில் ஓட்டை விழுவதும், தாமதமாக ரத்தம் கசிவதும், பாதியில் ஆபரேஷனாக மாற்ற வேண்டிவருவதும் நடக்கும். கட்டியின் உறையை ஒட்டியே வெட்டுவதால், ஓரத்தில் செல்கள் இருக்கின்றன என்று நோயியல் ரிப்போர்ட் வரலாம். ரிஸ்க் குறைந்த சிறு ஜிஸ்ட் என்றால் அதற்காக மறு ஆபரேஷன் போகாமல் கண்காணிப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் உறை கிழிந்து ஜிஸ்ட் வயிற்றுக்குள் சிந்தினால் அது வேறு கதை, நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் கூடிவிடும். தசை அடுக்குக் கட்டிகளை எத்தனை செய்திருக்கிறீர்கள், ஓட்டை விழுந்தால் அன்றே பார்க்க சர்ஜன் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். காப்பீடு இருந்தால், அனுமதி எந்தச் சிகிச்சைப் பெயரில் வாங்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள்.

வழி 4: லேப்ராஸ்கோபி

2 செ.மீ.-க்கு மேற்பட்ட ஜிஸ்ட், ரத்தம் கசியும் கட்டி, வழியை அடைக்கும் பெரிய கொழுப்புக்கட்டி, சந்தேகத் தோற்றம் உள்ளவை எல்லாவற்றுக்கும் இதுவே நிலைத்த வழி. கட்டியையும் சுற்றி ஒரு சிறு விளிம்பையும் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துத் தைத்துவிடுவார்கள். இரைப்பைப் புற்றுநோய்க்குச் செய்வது போல நிணநீர்க் கட்டிகளை வாரி எடுக்கத் தேவையில்லை. வயிற்றின் வெளி வளைவிலோ முன்பக்கச் சுவரிலோ கட்டி இருந்தால் சுலபமான ஆபரேஷன், சில நாளில் வீட்டுக்குப் போகலாம்.

உணவுக்குழாய் சேரும் மேல் வாசலிலோ, குடலுக்குப் போகும் கீழ் வாசலிலோ இருந்தால் கணக்கு மாறுகிறது. மேல் வாசலை ஒட்டி ஆப்பு வெட்டினால் வழி குறுகும், அதற்குப் பயந்து இரைப்பையின் மேற்பகுதியையே எடுத்தால் பித்தமும் அமிலமும் ஏறிவரும் எரிச்சல் ஆயுள் முழுக்க வரலாம். கீழ் வாசலை எடுத்தால் சாப்பிட்டவுடன் படபடப்பும் தலைசுற்றலும் வரும் நிலை சிலருக்கு ஏற்படும். உள் வளைவில் வேகஸ் நரம்பு போகிறது, அது அடிபட்டால் சாப்பாடு இறங்கத் தாமதமாகும். 2 செ.மீ. சாதா கட்டிக்கு இவ்வளவு விலை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜப்பானில் நவோகி ஹிக்கி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒரு கூட்டு முறை இதற்கு நல்ல தீர்வு. உள்ளிருந்து எண்டோஸ்கோபி நிபுணர் கட்டியின் எல்லையைச் சரியாக வெட்டிக் காட்ட, வெளியிலிருந்து சர்ஜன் அதை மட்டும் எடுத்துத் தைப்பார். நல்ல இரைப்பைச் சுவர் வீணாகாது. இரண்டு குழுவும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனை வேண்டும், அவ்வளவுதான்.

முடிவு கடினமாகும் இடங்கள்

உணவுக்குழாய் சேரும் இடத்தில் 2.5 செ.மீ., நாற்பது வயது, தொந்தரவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டாயம் ஊசி பயாப்ஸி. அந்த இடத்தில் லெயோமயோமா சகஜம், அது உறுதியானால் தொடாதீர்கள். ஜிஸ்ட் என்றால் எண்டோஸ்கோபியோ கூட்டு முறையோ தெரிந்த இடத்தைத் தேடிப் போங்கள், பக்கத்து ஊரில் கிடைக்கிறது என்பதற்காக மேற்பகுதி முழுவதையும் இழக்க வேண்டாம்.

கீழ்ப்பகுதியில் 2 செ.மீ., சிடி-யில் ரத்தக்குழாய் போல ஒளிர்கிறது என்றால் குளோமஸாக இருக்கலாம். ஊசி வைத்தால் ரத்தம் கசியும் வாய்ப்பு உண்டு. நோயியல் நிபுணரிடம் ஸ்கேன் தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளோமஸ் சில சமயம் சினாப்டோஃபைசின் சாயத்துக்கும் பாசிட்டிவ் ஆகி, நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) என்று தவறாகப் படிக்கப்படும்.

எடுத்த பிறகு வந்த ரிப்போர்ட்டில் செல் பிரியும் எண்ணிக்கையும் சாயச் சோதனை முடிவுகளும் இல்லையென்றால் அது முழுமையான ரிப்போர்ட் ஆகாது. மெழுகில் பதித்த திசுக்கட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம், அதை வேறொரு பெரிய மருத்துவமனையின் நோயியல் துறையில் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். அதற்காக இன்னொரு ஆபரேஷனோ எண்டோஸ்கோபியோ தேவைப்படாது.